ஹாட் பாக்ஸுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஒரு கேமிங் கணினியை நானே பாகம் பாகமாகத் தேர்ந்து, நானே பூட்டி, நானே இயக்குவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் பெரிது. அதற்குள் சிறிய உட்பிரிவு ஒன்றும் இருந்தது: முழுச் செலவும் என் மனைவி ஜெனிபருக்குத் தெரியக்கூடாது. தீர்மானம் ஒருவாறு நிறைவேறிவிட்டது. உட்பிரிவுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

என் தொழிலைச் சொன்னால்தான் என் வீழ்ச்சியின் உயரம் விளங்கும். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காக ஏலத்தில் விலை கேட்பவன் நான். வீடு தேனியில். நாள்தோறும் போடிக்குப் போய், தட்டில் பரப்பிய மாதிரிக் காய்களைக் கையால் அளைந்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகு திரைக்கு முன் அமர்ந்து பொத்தானை அழுத்துவேன். இந்த வேலையில் மூளையைவிட முகம் முக்கியம். ‘இந்தக் காய் எனக்கு வேண்டும்’ என்று முகம் சொல்லிவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் விலையை ஏற்றிவிடுவார். ஆகவே, மிகவும் பிடித்த காயைக் கண்டால் நான் கொட்டாவி விடுவேன். அந்தக் கொட்டாவியை நம்பி நல்ல காயைக் கோட்டைவிட்டவர்கள் போடியிலிருந்து கம்பம்வரை இருக்கிறார்கள்.

கணினி ஆசைக்கும் தொழிலையே காரணமாகக் காட்டினேன். பொத்தான் அழுத்தும் விரலின் வேகம் குறைந்துவருகிறது என்றும், கேம் ஆடினால் அது கூர்மையாகும் என்றும், இது செலவன்று, முதலீடு என்றும் ஜெனிபரிடம் விரித்துரைத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

“விரலுக்குத்தான பயிற்சி? இந்தச் சின்ன வெங்காயத்தை உரிங்க. நல்லாப் பழகும்.”

உரித்தேன். கண்ணீரோடு உரித்துக்கொண்டே வாதத்தைத் தொடர்ந்தேன். வெங்காயத்தாலோ வாதத்தாலோ அவள் மனம் இரங்கியது. ஐம்பதாயிரம் அனுமதிக்கப்பட்டது. வாங்கும் ஒவ்வொரு பொருளையும் அவளிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

“அம்பதுக்குள்ள முழுக் கம்ப்யூட்டர் வந்து நிக்கணும். அம்பதும் போயி அரைக் கம்ப்யூட்டர் நின்னுச்சுன்னா, அதையும் உங்களையும் சேத்துப் பரண்ல ஏத்திருவேன்” என்றாள்.

தேனியில் கணினிக்கடை வைத்திருக்கும் பலவேசத்திடம் போனேன். எங்கள் சபையைச் சேர்ந்தவன். என்னை அண்ணன் என்று அழைப்பவன். அவன் மனைவி ஜான்சி, ஜெனிபருக்குத் தங்கைபோல. இந்தக் கடைசிச் செய்தியை நான் அப்போதே ஆழமாக யோசித்திருக்க வேண்டும்.

கணினிக்குப் பாகம் தேர்வது கல்யாணம் பேசி முடிப்பதைவிடக் கடினம். பிராசஸரைப் பேசி முடித்தேன். அது, தனக்கு இன்ன மதர்போர்டுதான் பொருந்தும் என்றது. மதர்போர்டு, தன் வகையைச் சேர்ந்த ராம் தவிர வேறெதுவும் வாசற்படி ஏறக்கூடாது என்றது. ராமின் விலையோ, மழை பொய்த்த ஆண்டின் ஏலக்காயைப்போல வாரத்துக்கு ஒரு படி ஏறியது. இத்தனை பேருக்கும் பந்தி பரிமாற வேண்டியது பவர் சப்ளை. அதை மட்டும் அடிமாட்டு விலையில் முடித்தேன். இத்தனையையும் உள்ளே பூட்டும் பெட்டியான கேபினெட்டைக் கண்ணாடிப் பக்கத்துக்காகவும், உள்ளே ஏழு வண்ணத்தில் சுழலும் விளக்குக்காகவும் தேர்ந்தேன். அளவு பார்க்கவில்லை. பெண்ணின் நிறத்தை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லும் மாப்பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு இனி உரிமையில்லை.

ஒவ்வொரு பொருளையும் ஜெனிபர் வாங்கிப் பார்த்தாள். ராமைப் பார்த்தபோது மட்டும், “இந்தக் குச்சிக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டு, தங்கக் கம்மலை வைக்கும் டப்பாவில் வைத்துப் பூட்டினாள்.

மிச்சமிருந்த பணத்துக்கு, விளையாட்டின் காட்சியைத் திரைக்கு அனுப்பும் எளிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் எளிய மானிட்டர் ஒன்றும் வரும். அத்தோடு கதை நன்றாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரத்தில்தான் முதலாளி எனக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். வருவதாக வீட்டில் யாருக்கும் தெரியாத பணம். அதே வாரத்தில்தான் பலவேசத்தின் கடைக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வந்தது. மூன்று விசிறி. செங்கல் கனம். பார்த்த மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்து, நீண்ட கொட்டாவி ஒன்று வெளிப்பட்டது.

“என்னண்ணே, பிடிக்கலையா?” என்று பலவேசம் பாவமாகக் கேட்டு விலையைக் குறைத்தான். ஊக்கத்தொகையில் பாதிக்கு அதை வாங்கினேன். மறுபாதியைப் பெரிய மானிட்டருக்கென்று ஒதுக்கினேன். வீட்டில் சொல்லிவிடாதே என்றும் அவனிடம் கேட்டுக்கொண்டேன். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றான். அவன் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

இனி, கார்டை ஒளிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜெனிபரின் கை படாத இடமே இல்லை. நெடுநேரம் யோசித்து ஓர் இடத்தைக் கண்டேன். எங்கள் பரணில், விசேஷங்களுக்கு வந்த அன்பளிப்புகள் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கும். டின்னர் செட், சுவர்க்கடிகாரம், குத்துவிளக்கு. அடுத்த வீட்டுக் கல்யாணம் வந்தால் அவற்றில் ஒன்று புதுத்தாள் சுற்றிக்கொண்டு புறப்படும். அவற்றுள் ஓர் எவர்சில்வர் ஹாட் பாக்ஸ் மட்டும், நாங்கள் வீடு கட்டிக் குடிபுகுந்த நாள்முதல் அசையவே இல்லை. எத்தனையோ கல்யாணங்கள் வந்துபோயின. அது போகவில்லை. அது ஏன் போகவில்லை என்று நான் யோசிக்கவில்லை. அசையாத பெட்டிதான் பாதுகாப்பான பெட்டி என்று முடிவுசெய்தேன்.

ஜெனிபர் சந்தைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து, ஹாட் பாக்ஸை எடுத்துவிட்டு, கார்டைப் பஞ்சில் பொதிந்து வைத்து, பழையபடி ஒட்டினேன். கையில் ஹாட் பாக்ஸ் மிஞ்சியது. அதைப் பலவேசத்திடமே கொண்டுபோய், அவன் செய்த உதவிக்கு என் அன்பளிப்பு என்று கொடுத்தேன். அவன் நெகிழ்ந்துபோனான்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. குடும்பந்தோறும் தம் விளைச்சலிலோ பொருளிலோ ஒன்றைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்தில் சந்தை விலைக்கு இடமில்லை. ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்குப் போகும். வாங்கியவர் அதையே திரும்பப் படைப்பார். மறுபடியும் ஆயிரத்துக்குப் போகும். காணிக்கை அது. அங்கே நான் ஆண்டுதோறும் ஒரு தேங்காயை, அன்றைய சந்தை விலைக்கு ஒரு பைசா மிகாமல் வாங்கிக்கொண்டு வருவேன். தொழில்தர்மம். சபையில் எனக்குத் தேங்காய் பிரின்ஸ் என்று பெயர். அன்று முழுவதும் ஜெனிபர் என்னோடு பேசமாட்டாள். பெண்கள் பக்கம் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தேங்காயோடு வீட்டுக்கு வருவேன்.

இந்த ஆண்டும் அப்படியே போயிருப்பேன். பண்டிகைக்குமுன், பெரிய மானிட்டர் ஒன்று வந்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதே பணத்தைக் கொண்டுவந்துவிட்டால் அப்படியே கடைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றும் பலவேசம் போனில் சொன்னான். மறுபாதி ஊக்கத்தொகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

படைத்த பொருள்களை மேசையில் அடுக்கியிருந்தார்கள். சின்னமனூர் வாழைத்தார். கம்பத்துப் பன்னீர் திராட்சை. ஆண்டிபட்டி முருங்கைக்காய்க் கட்டு. அதற்குப் பக்கத்தில் என் ஹாட் பாக்ஸ் பெட்டி.

ஒரு கணம் எனக்குக் கர்த்தருடைய பிரசன்னம் மிக அருகில் தெரிந்தது.

மெல்ல நெருங்கிப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினேன். ஏலம் விடும் ஞானபாக்கியம் டீச்சர் கையைத் தட்டிவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. “படைச்சதைத் தொடக்கூடாது, தம்பி. அங்கன போய் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பதறிப் பயனில்லை. தொழில் தெரிந்தவன் நான். ஐந்நூறில் தொடங்கினால் ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம். வாழைத்தாரும் திராட்சையும் போயின. தேங்காய் வந்தபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

“ஜெனிபர் குடும்பத்துல படைச்ச ஹாட் பாக்ஸ். பிரிக்காத பெட்டி” என்றார் டீச்சர்.

நான் நன்றாக ஒரு கொட்டாவி விட்டேன். பிறகு சலிப்போடு, “ஐந்நூறு” என்றேன்.

தேங்காயைத் தவிர வேறொன்றுக்கு நான் வாய் திறந்ததே அதிசயம். பெண்கள் பக்கமிருந்து ஜான்சியின் குரல், “ஆயிரம்” என்றது. நான் ஆயிரத்து ஐந்நூறு என்றேன்.

“மூவாயிரம்” என்றது இன்னொரு குரல். நன்றாகத் தெரிந்த குரல். என் வீட்டுக் குரல்.

நான் ஜெனிபரைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பீடத்தைப் பார்த்தாள்.

“ஒரே வீட்டுக்குள்ள போட்டியா, டீச்சர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“காணிக்கைன்னு வந்துட்டா வீடு வேற, சபை வேற. மூவாயிரம், ஒரு தரம்.”

நாலாயிரம் என்றேன். ஜான்சி ஆறு என்றாள். ஏழு என்றேன். ஜெனிபர் ஒன்பது என்றாள். மாதிரி பார்க்காமல் விலை சொல்லாதே என்று பிறருக்குப் பாடம் சொன்னவன், ஒட்டிய பெட்டிக்கு ஒன்பதுக்குமேல் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் என்னையறியாமல் இரண்டு கொட்டாவி வந்தது. ஒவ்வொரு கொட்டாவிக்கும் ஜெனிபர் ஆயிரம் ஏற்றினாள். கடைசியில் என் சட்டைப்பையில் இருந்த முழுத்தொகையையும் சொன்னேன். “பதினஞ்சாயிரம்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிறிது யோசிப்பவள்போல் இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் மூன்று தரம் சொல்லி முடித்ததும் சபையே கைதட்டியது. போதகர் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை ஆண்டாகத் தேங்காய் பிரின்ஸ் என்றவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஜெனிபர் தலை நிமிர்ந்து, கண் கலங்க, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு பதினைந்தாயிரம் கொடுக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடி, பெட்டி என் மடிக்கு வந்துவிட்டது என்ற வெற்றி தோன்றியது.

வீட்டுக்கு வந்து, அவள் காப்பி போட உள்ளே போனதும் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஹாட் பாக்ஸ் இருந்தது. மூடியைத் திறந்தேன். ஹாட் பாக்ஸுக்குள் எதுவுமில்லை.

“கவுத்துப் பாருங்க” என்றாள், காப்பியோடு பின்னால் நின்றிருந்த ஜெனிபர்.

கவிழ்த்தேன். அடியில் அழகாகப் பெயர் வெட்டியிருந்தது: பலவேசம் – ஜான்சி.

“பாத்திரம்னு கையில வாங்குனா முதல்ல கவுத்து அடியப் பாக்கணும். பேரு வெட்டுனதை யாருக்கும் குடுக்க முடியாதுன்னுதான இத்தனை வருசமா அது பரண்ல கெடக்கு. நீங்க ஜான்சி குடுத்ததை ஜான்சிக்கே குடுத்துருக்கீக. அவ கவுத்துப் பாத்துட்டு அன்னைக்கே போன் பண்ணி, பாத்திரத்தையும் எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டா.”

“பலவேசம்…”

“அவுக ஒரு வார்த்த சொல்லல. பரண்ல ஏறிப் பெட்டியப் பிரிச்சேன். அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கிட்டு நானே கடைக்குப் போனேன். ஊக்கத்தொகை எம்புட்டுன்னு உங்க முதலாளி வீட்டு அக்காகிட்டக் கேட்டுக்கிட்டேன். மானிட்டர் வந்துருக்குன்னு உங்களுக்குப் போன் போடச் சொன்னதும் நான்தான்.”

அதுவரை தெரியாத இன்னொன்றும் அப்போது தெரிந்தது. கேபினெட்டுக்குள் அந்தக் கார்டு நுழையவே நுழையாதாம். மூன்று விரல் நீளம் அதிகமாம். நுழைந்தாலும் நான் பேரம் பேசி வாங்கிய பவர் சப்ளை அதற்குச் சோறு போடாதாம். ஆகவே ஜெனிபர் அதைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்தில் அளவான கார்டு ஒன்றும் நல்ல பவர் சப்ளை ஒன்றும் எடுத்து, கம்மல் டப்பாவிலிருந்த ராமையும் மற்றவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, முழுக் கணினியையும் பூட்டச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் பலவேசமே அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துப் பிளக்கைச் செருகினான். ஏழு வண்ணமும் சுழன்றன. அழகாக இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“மானிட்டர்?” என்றேன்.

“அம்பதுல மிஞ்சுனது கண்ட்ரோலருக்கும் கிறிஸ்துமஸ் துணிக்கும் போயிருச்சு. மானிட்டர் காசைத்தான் காணிக்கையாப் போட்டுட்டீகளே” என்றாள் ஜெனிபர். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தாள். “பரவாயில்ல. இன்னைக்கு நீங்க குடுத்த மாதிரி எங்க அப்பாகூடக் குடுத்ததில்ல. டிவியில மாட்டிக்கலாமாம்.” பலவேசத்திடம் திரும்பி, “மாட்டுங்க தம்பி” என்றாள்.

மாட்டினான். விளையாட்டை எப்படித் தொடங்குவது என்று அவளுக்குச் சொல்லியும் கொடுத்தான். சும்மா பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள், முதல் ஆட்டத்திலேயே கார் ஒன்றை ஓட்டி இரண்டாவதாக வந்தாள். பலவேசம் போய்விட்டான். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவள் மூன்றாவது ஆட்டத்தையும் தொடங்கினாள். நான் பக்கத்தில் அமர்ந்து, புத்தம்புதிய கண்ட்ரோலர் அவள் கையில் வளைவதையும் நெளிவதையும் பார்த்தேன். எனக்கு வேண்டும் என்று என் உடம்பிலுள்ள ஒவ்வொரு விரலும் துடித்தது.

வாய் தானாகத் திறந்துகொண்டது. நீண்ட கொட்டாவி.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஜெனிபர் மிகவும் கனிவாகச் சொன்னாள்: “தூக்கம் வந்துருச்சுபோல. போய்ப் படுங்க.”