ஆக்சிஜன் வைத்த தலைவலி

மூக்கையும் வாயையும் ரப்பர் மூடியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரில் மாஸ்டர் சிலுவைமுத்துவுக்கு, வராந்தாவில் யாரோ மாரில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. பாவம், யார் வீட்டு ஆளோ என்று இரக்கப்பட்டு மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஜெபம் பாதியில் இருக்கும்போதே அந்த அழுகைக்குள் அவர் பெயர் வந்தது.

"ஏ சிலுவைமுத்து! என்னப் பெத்த ஐயா! அக்காவ விட்டுட்டு முந்திக்கிட்டியேடா!"

அது ஆரோக்கியம்மாள், அவருடைய சொந்த அக்கா. அந்த நேரத்தில் சேவுகம்பட்டியில் இருக்கவேண்டியவள்.

சிலுவைமுத்து பதறிப்போய் மூடியைக் கழற்றி, "அக்கா, ஒண்ணுமில்லக்கா, இது..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற மனைவி செபாஸ்தியம்மாள் மூடியைப் பிடுங்கி மறுபடியும் அவர் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

"பேசக் கூடாதுங்க! டாக்டரம்மா என்ன சொன்னாக? நல்லா இழுத்து மூச்சு விடுங்க."

அவர் கண்ணை உருட்டினார். அதைப் பார்த்த ஆரோக்கியம்மாள், "ஐயோ, கண்ணு சொருகுதே!" என்று இன்னும் ஒரு கட்டை ஏற்றி அழுதாள்.

விஷயம் இதுதான். சிலுவைமுத்துவுக்கு வந்திருந்தது தலைவலி. வேறு ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அதைத் தலைவலி என்று சொல்வது, புலியைப் பூனை என்று சொல்வது மாதிரி. தை பிறந்தால் வரும். ஆறேழு வாரம் இருக்கும். தினமும் மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மணி தவறினாலும் அது தவறாது. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகித் திருகுவார்கள். அந்தக் கண் மட்டும் சிவந்து கொட்டும், இமை தொங்கும், மூக்கில் ஒரு பக்கம் ஒழுகும். படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. சுவரில் முட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்த வழியே போய்விடும். மாசி முடிந்தால் அடுத்த தை வரை ஆளையே காணாது.

இதில் பெரிய கொடுமை, அது தேர்ந்தெடுத்த மாதம்தான். அண்ணன் ஞானதாஸ் சித்தையன்கோட்டையில் குடும்ப வயலில் நெல் அறுப்பது அதே தை மாசியில். தம்பி லீவு போட்டுக்கொண்டு களத்துக்குப் போவார். மூன்று மணியானால் களத்தை விட்டு ஓடி, வைக்கோல் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். நாலு மணிக்குத் தலையைச் சீவிக்கொண்டு காப்பி கேட்பார். யார்தான் நம்புவார்கள்?

"எந்தம்பிக்கு அறுப்புத் தலைவலி. கதிர் முத்துனா வந்துரும், கடைசி மூட்டை ஏறுனா போயிரும்" என்று ஞானதாஸ் ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்தார். பத்து வருஷமாகச் சிரித்தார். உள்ளே கூப்பிட்டு அந்தக் கண்ணைக் காட்டியிருக்கலாம். சிலுவைமுத்து காட்டமாட்டார். முறுக்கு மீசையும் கழுத்தில் விசிலுமாக முந்நூறு பையன்களை வெயிலில் ஆட்டி வைக்கிற மனிதர், ஒரு தலைவலிக்குச் சுவரில் முட்டுவதை அடுத்த ஆள் பார்ப்பதா? பார்த்தவள் ஒருத்திதான், செபாஸ்தியம்மாள்.

பேச்சு வாங்கியவளும் அவள்தான். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால், "என்னடி, உம் புருசனுக்கு இந்த வருசம் அறுப்பு நோவு வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுவார்கள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

சுக்குப் பத்துப் போட்டார்கள். நெற்றித் தோல் உரிந்தது. நொச்சித்தழை ஆவி பிடித்தார்கள். வலியோடு வேர்வையும் சேர்ந்துகொண்டது. மூக்கில் தும்பைச் சாறு விட்டார்கள், அரை நாள் தும்மினார். பல்லால் வருகிற வலி என்று ஒரு பல் டாக்டர் இடது பக்கத்தில் மூன்று பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருக்க, விசில் ஊதினால் காற்று பக்கவாட்டில் போக ஆரம்பித்தது.

கடைசியில், நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆன ஒரு மாசியில், ஊருக்குப் புதிதாக வந்த சிஸ்டர் டாக்டரிடம் செபாஸ்தியம்மாள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கன்னியாஸ்திரி சிரிக்கவில்லை. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். எத்தனை மணிக்கு, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு, "இது வேற வலி மாஸ்டர். இதைப் பத்திப் புத்தகத்துல படிச்சிருக்கேன். மாத்திரை வயித்துக்குள்ள போய் வேலை செய்யறதுக்குள்ள வலியே முடிஞ்சிரும். ஆக்சிஜன் பிடிச்சுப் பார்ப்போம்" என்றார்.

நேற்று மூன்று மணிக்குப் பிடித்தார்கள். கால் மணி நேரம். திருகின கம்பியை யாரோ மெதுவாக உருவி எடுத்த மாதிரி வலி இறங்கியது. சிலுவைமுத்துவுக்கு நம்பவே முடியவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணாலும் அழுதார். "இன்னும் மூணு வாரம் தினம் வாங்க" என்றார் சிஸ்டர். தினம் வர அவர் எந்தக் காட்டைத் தாண்டியும் தயார்.

ஆனால் அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஆக்சிஜன் என்றால் என்ன அர்த்தம்? ஆள் முடிந்தான் என்று அர்த்தம். சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டாலே பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆக்சிஜன் வைத்த பிறகு வீடு திரும்பினவர் பெயரைச் சொல்லச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது.

யாரோ ஊருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள் என்பது இப்போது சிலுவைமுத்துவுக்குப் புரிந்தது. எவன் அந்தப் பாவி?

அடுத்து உள்ளே வந்தவர் பக்கத்து வீட்டுத் தோல் மண்டி சனாவுல்லா. தொப்பியைச் சரிசெய்துகொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"வாத்தியாரே, மனசுல வச்சுக்காதீங்க. போன ரம்ஜானுக்கு முந்தி உங்க சேவல் காணாமப் போச்சுல்ல... அது செவுரு தாண்டி எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. திரும்பிப் போகல. என்னய மன்னிச்சுருங்க."

சிலுவைமுத்து துள்ளி எழப் பார்த்தார். அந்தச் சேவலை அவர் மூன்று தெருவில் தேடியிருக்கிறார்.

"ஐயோ, இழுக்குதே, இழுக்குதே!" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"படுங்க, பாய் சொல்றதக் கேட்டுக்கிட்டு" என்று செபாஸ்தியம்மாள் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

அதற்குள் பங்குக் கோயில் சாமியாரும் கையில் எண்ணெய்ச் சிமிழோடு வந்துவிட்டார். சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். அவருக்குப் பின்னால், பிணத்துக்குப் போர்த்த மடித்த கோடி வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அறுத்த வயலிலிருந்து அப்படியே ஓடிவந்த கோலத்தில் அண்ணன் ஞானதாஸ்.

"ஏலே தம்பி!" அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குலுக்கினார். "இங்கன கண்டவன் கட்டில்லயாடா உசுர விடுவ? நம்ம வீட்ல விடுறா! யாருப்பா அங்க, ஒரு ஜட்காவக் கூப்பிடு!"

ஒரே இழுப்பில் மூடியைக் கழற்றி எறிந்தார். வலி லேசாகத் தலைகாட்டியதும் ஆக்சிஜன் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிஸ்டர் டாக்டரோ பிரசவ அறையில்.

"மச்சான், வேணாம்! அத எடுக்காதீக!" என்று செபாஸ்தியம்மாள் கத்தினாள். அந்த ஒரு சத்தம் மட்டும் நிஜமான பயத்தில் வந்தது. கேட்பார் யார்? நாலு பேர் கை, நாலு பேர் கால். டிரில் மாஸ்டரை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் ஜட்காவில் திணித்தார்கள். ஞானதாஸ் ஒரு பக்கம், செபாஸ்தியம்மாள் ஒரு பக்கம்.

வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் வலி முழு வேகத்தில் வந்துவிட்டது.

சிலுவைமுத்துவுக்கு மானம், மீசை, அண்ணன் எல்லாம் மறந்துபோனது. ஜட்காவின் மரச்சட்டத்தில் தலையை மோதினார். நெற்றியை உள்ளங்கையால் குத்தினார். கீழே குதிக்கப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, குதிரையே காதை மடக்கியது. இடது கண் ரத்தமாகச் சிவந்து, இமை பாதி விழுந்து, கன்னமெல்லாம் தண்ணீர். வலது கண் எதுவும் நடக்காதது போல் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானதாஸ் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"என்னதுடா இது? தம்பி, என்னதுடா இது?"

"பாருங்க மச்சான், நல்லாப் பாருங்க" என்றாள் செபாஸ்தியம்மாள். அவள் குரல் நடுங்கவில்லை. "இதுதான் அந்த அறுப்புத் தலைவலி. வருசா வருசம் உங்க வைக்கக் கொட்டகைக்குள்ள இதைத்தான் ஒத்தையில பட்டுக்கிட்டுக் கிடந்தாக."

ஞானதாஸ் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு ஜட்காக்காரர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"ஏலே, வண்டியத் திருப்புறா! ஆஸ்பத்திரிக்கு விடுறா! குதிரை செத்தாலும் பரவாயில்ல, விடுறா!"

போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வண்டி திரும்பி வருவதைக் கண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். வழியிலேயே போய்விட்டான் என்று ஆரோக்கியம்மாள் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஞானதாஸ் அவளைத் தாண்டி ஓடினார்.

சிஸ்டர் டாக்டர் அதற்குள் வெளியே வந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். "யாரு இவரை எடுத்துட்டுப் போனது? யாரு?"

"நாந்தான் தாயீ. என்னய அப்பறமா அடிங்க. மொதல்ல அந்தக் காத்தத் தொறந்து விடுங்க!"

மூடியை ஞானதாஸே பிடித்தார். அறுவாள் பிடித்துக் காய்த்துப்போன கை, ரப்பரைக் குழந்தை முகத்தைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தாமதம், அதனால் வலி இறங்கவும் நேரம் பிடித்தது. இறங்கியது. இமை மேலே வந்தது. சிலுவைமுத்து மூச்சை நீளமாக விட்டார்.

"இம்புட்டு நோவாடா?" என்றார் ஞானதாஸ்.

"ஆமாண்ணே."

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேனேண்ணே. நீங்க சிரிச்சீக."

ஞானதாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமாகவே அழுதார்.

"இதுல யாரும் சாகமாட்டாங்க" என்றார் சிஸ்டர் டாக்டர். "ஆனா இந்த வலி வர்றப்போ, செத்தா தேவலைன்னு தோணும். மனுஷனுக்கு வர்ற வலியிலேயே பெரிய வலிகள்ல இது ஒண்ணு. வெளிநாட்டு டாக்டர்கள் இதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க."

ஞானதாஸின் அழுகை நின்றது. "சீமையிலயா? எந்தம்பி வலியப் பத்தியா?"

"இந்த வலியைப் பத்தி."

அவ்வளவுதான். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நெஞ்சு ஒரு சாண் முன்னால் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! எந்தம்பிக்கு வந்திருக்கிறது சாதா தலைவலி இல்ல. இஞ்சி தட்டிப் போட்டா போற தலைவலி இல்ல. சீமை டாக்டரெல்லாம் புஸ்தகம் எழுதுன தலைவலி! ஆக்சிஜன் வச்சாத்தான் அடங்கும்! நம்ம வகையறாவுல வேற எவனுக்காவது வந்திருக்கா?"

ஒருவருக்கும் வந்ததில்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

சாமியார் எண்ணெய்ச் சிமிழைக் காட்டினார். "ஞானதாசு, இப்ப இது வேணுமா, வேணாமா?"

"வந்ததுக்கு நெத்தியில ரெண்டு சொட்டுப் பூசிட்டுப் போங்க சாமி. எண்ணெய்தானே, குளுமையா இருக்கும்."

சாமியார் சிமிழைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு விறைப்பாக நடையைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் சிலுவைமுத்து வீட்டிடம் கல்யாண வீடு தோற்றது. சனாவுல்லா வீட்டிலிருந்து சேவலுக்குச் சேவலாக ஒன்று அறுபட்டு வந்தது. செபாஸ்தியம்மாள் குழம்பும் இரண்டு வெஞ்சனமும் வைத்துச் சொந்தக்காரர்களுக்குப் பரிமாறினாள். ஆரோக்கியம்மாள் ஒவ்வொரு உருண்டைக்கும் ஒருதரம், "எங்க வீட்டு ராசாவுக்கு வந்த நோவப் பாத்தியா" என்று பக்கத்திலிருந்தவளிடம் பெருமைப்பட்டாள். இத்தனை நாள் இலைக்கு முன்னால் கேள்வி கேட்டவர்கள், "ஏ செபாஸ்தி, நீயும் செத்த உக்காந்து சாப்புடு" என்றார்கள்.

"அடுத்த அறுப்புக்கு நீ வயப்பக்கம் வந்தேன்னா கால ஒடிச்சிருவேன்" என்றார் ஞானதாஸ். "நெல்லு வீடு வந்து இறங்கும். இந்தக் கோடி வேட்டிய கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். நீயே கட்டிக்க. தொப்பம்பட்டிச் சித்தப்பா ஒருத்தர்தான் பாக்கி. அவரு வந்து பாத்துட்டா நம்ம ஆளுகள்ல இனிமே உன்னயச் சிரிக்க ஒரு பய கிடையாது."

கையைக் கழுவிக்கொண்டு சிலுவைமுத்து மீசையை முறுக்கினார். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. இந்தச் சேதியைக் கிளப்பிவிட்டவன் எவன் என்று தெரிந்தால், அவனை மைதானத்தைச் சுற்றி மத்தியான வெயிலில் ஓடவிட வேண்டும்.

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?" என்று செபாஸ்தியம்மாளைக் கேட்டார்.

"எனக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று அவள் எச்சில் இலையை எடுக்கக் குனிந்தாள்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சிலுவைமுத்து கதவைத் திறந்தார். காக்கிச் சட்டையோடு, வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் பேச்சிமுத்து. டிரில் மாஸ்டரை உயிரோடு பார்த்ததில் அவருக்கு ஒன்றும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அக்கா, நீங்க சொன்னபடியே ரெண்டு ஊர்லயும் 'ஆக்சிஜன் வச்சாச்சு'ன்னு மட்டும் சொன்னேன், தலைவலிக்குன்னு மூச்சு விடல. தொப்பம்பட்டிக்கும் பழனி வண்டியில இப்படியே சொல்லி விட்டுரவா?"