பீரங்கியோடு வந்த தாய்மாமன்

மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
வியாழக்கிழமை, முற்பகல்

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் நல்லசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பூங்கோதையின் கணவன் வரதராஜன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், தங்கள் தங்கை, மகள் வைஷாலி, மாப்பிள்ளை கோகுல், பேத்தி ஸ்ருதி ஆகிய ஐவரும் உடலளவில் சௌக்கியம். மனதளவில் என் சௌக்கியம் மட்டும் பரிசீலனையில் உள்ளது. கரூரில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றே கருதி மேலே செல்கிறேன். கைபேசி இருக்கக் காகிதத்தில் எழுதுவானேன் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வாட்ஸ்அப் எனக்கும் உங்கள் தங்கைக்கும் பொது. இது அவள் கண்ணில் படக்கூடாத விஷயம். இன்று இரவு விமானத்தில் கரூருக்குக் கிளம்பும் மாப்பிள்ளையின் நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமை கிடைத்துவிடும். படித்தவுடன் கிழித்துவிடவும்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான் என்பது தாங்கள் அறிந்தது. கலெக்டருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவேண்டும் என்றால் வரதராஜனைக் கூப்பிடு என்பார்கள். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அந்த வரதராஜனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. பேங்க் கடிதத்தை மகள் பிரிக்கிறாள், டாக்டரிடம் மாப்பிள்ளை பேசுகிறார், டிவி ரிமோட் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பேத்தி சொல்லித் தருகிறாள். எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே பதவி, உங்கள் தங்கைக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது. முக்குக் கடை, இந்த ஊர்க்காரர்கள் டெய்ரி என்கிறார்களே, அங்கே கடைக்காரன் ஏதாவது சொன்னால் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வை போய்விட்டால் இந்த வீட்டில் நான் சோபாவுக்குச் சமானம். இதைத் தங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேற்று நடந்தது இதுதான். இங்குள்ள நூலகத்தில் புதன்கிழமை மதியம் பெரியவர்களுக்குப் பழைய படம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, பிறகு படத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். காலையில் பூங்கோதையோடு நடக்க வருகிற சற்குணம் அக்கா என்கிற யாழ்ப்பாணத்து அம்மாள், ரிட்டயர்டு நர்ஸ், எங்களையும் வரச் சொன்னார். இங்கிலீஷ் படம் எனக்கு என்ன புரியும் என்று உங்கள் தங்கை தயங்க, நான் இருக்கிறேன் வா என்று நெஞ்சை நிமிர்த்திக் கூட்டிப்போனேன். போட்டது இங்கிலாந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் எழுதின ஆங்கிலம் வேறு, இவர்கள் பேசுகிற ஆங்கிலம் வேறு. வாய்க்குள்ளேயே மென்று வாய்க்குள்ளேயே விழுங்குகிறார்கள். இதற்குள் திரையில் ஒரு கிராமத்து வயலில் அண்டா மாதிரி ஒன்று வந்து இறங்கியது. "ஏனுங்க, அது என்னங்க?" என்றாள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கார். அந்தக் காலத்துக் கார்" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

காரிலிருந்து சாம்பல் நிறச் சட்டையில் மூன்று பேர் இறங்கி, ஒரு வீட்டு வாசலில் வரிசையாக நின்று, உள்ளே இருந்த பெண்ணையே பார்த்தார்கள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. மூன்று பேர் ஒற்றைப்படையாக வந்து ஒரு பெண்ணை இப்படிப் பார்த்தால் நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம்? பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிய ஒரு வழுக்கைத் தலை ஆசாமியைத் தரகர் ஆக்கினேன். பெண் மூர்ச்சை போட்டு விழுந்தாள், வெட்கம் என்றேன். "இவ்வளவு வெக்கம் ஆகாதுங்க" என்றாள் உங்கள் தங்கை. அந்த மூவரில் ஒருவன் கையை நீட்டியதும் ஊரில் உள்ள கடிகாரம் எல்லாம் நின்றுபோனது. ராகு காலம் வருவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். "நல்ல ஏற்பாடு" என்று தலையாட்டினாள். கடைசியில் ராணுவமே பீரங்கியோடு வந்துவிட்டது. நான் என்ன செய்வேன்? தாய்மாமனைக் கலந்துகொள்ளாமல் பேச்சு நடத்திவிட்டார்கள், அவர் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றேன். "எங்க அண்ணனாட்டவே" என்றாள். வைஷாலி கல்யாணத்தில் பந்திக்கு ரசம் வரத் தாமதமானதற்குத் தாங்கள் ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்த விஷயத்தை மனதில் வைத்துச் சொன்னாளே தவிர, குறைவாகச் சொல்லவில்லை. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பீரங்கி வெடித்து, அண்டா எரிந்து, மூன்று பேரும் போய்ச் சேர்ந்து, ஊர் ஜனம் கைதட்டிய இடத்தில் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று முடித்துவைத்தேன். உங்கள் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். டீ முடிந்ததும் நூலகத்துப் பெண்மணி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டுக்கொண்டு வந்து நேராக இவளிடம் நின்றார். நான் எழுவதற்குள் சற்குணம் அக்கா, "நீங்கள் இருங்கோ ஐயா, நான் சொல்லுறன்" என்று இடையில் வந்துவிட்டார். என் பதவியை என் கண்ணெதிரே இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார். பூங்கோதை எழுந்து நின்று தமிழில் சொன்னாள். "அவ்வளவு தூரத்துலருந்து வந்து வாசல்ல நிக்கறாங்க. உள்ள வாங்கன்னு ஒருத்தரும் சொல்லுல. ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுக்குல. கேக்காமயே கொன்னுபோட்டாங்க. அதுக்குக் கைதட்ட எனக்கு மனசு வர்லீங்க." சற்குணம் அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பக்கத்துப் பேட்டையான மங்கரேயில் இருந்து வருகிற ஒரு டோங்கா நாட்டு அம்மாள் எழுந்துவந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனைவியைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய நேரத்தில் நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான். பெண் பார்க்கப் போன இடத்தில் எதற்குக் கொலை என்று யாராவது கேட்டால் என் கதி என்ன? கிளம்பும்போது சற்குணம் அக்கா என் காதருகே வந்து, "நான் உங்களுக்கு முன்வரிசையில எல்லே இருந்தனான், நீங்கள் சொன்ன கதை முழுக்கக் கேட்டுது ஐயா. படத்தைவிட வடிவா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஸ்ருதி நூலகத்தில் கொடுத்த பட நோட்டீசை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஏலியன் இன்வேஷன் மூவி! வேற பிளானட்!" என்று கத்தினாள். உங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படீங்களா?" என்றாள். குழந்தைக்கு என்ன தெரியும், அது வேறு படத்து நோட்டீசு என்றேன். "சந்தேகமா இருக்குதுங்க. ஞாயித்துக்கெளம அண்ணங்கிட்டக் கேக்கறேன். அந்தக் காலத்துல அவுரு பாக்காத இங்கிலீசுப் படமா?" என்றாள்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அந்தப் படத்தை வாலிபத்தில் தாங்கள் பார்த்ததாகவும், அது ஒரு குடும்பக் கதைதான் என்றும், தாய்மாமன் பாத்திரம் மிக உருக்கமாக இருந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். அண்டா பற்றிக் கேட்டால் கார் என்று சொல்லவும். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தொரு வருடமாக அவள் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்த வயதில், இந்த ஊரில், அதை இழந்தால் நான் எங்கே போவேன்?

அங்கே மழை பெய்யட்டும், கிணறு நிறையட்டும், அக்காவின் முழங்கால் வலி குறையட்டும். பேரப்பிள்ளைகள் தலைமேல் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லவும். தங்களுக்கு என் வணக்கம்.

என்றும் கடமைப்பட்ட,
சு. வரதராஜன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உங்கள் தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். எட்டு மாதமாகக் காலையில் நடக்கப் போகிறேன் என்று அவள் போனது தேவாலயக் கூடத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்காம். சேர்த்துவிட்டது சற்குணம் அக்காவாம். டெய்ரிக்காரன் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியுமாம். படத்தில் வந்தவர்கள் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டதாம். அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை, நேற்று ராத்திரிகூட ஏன் என்னை இப்படிப் பதற விட்டாய் என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நீங்க எங்கிட்ட ஒன்னே முக்கா மணி நேரம் சேந்தாப்புலப் பேசுனது நேத்துத்தானுங்க. அத எதுக்குங்க நான் நிறுத்தோணும்?" என்றாள். மச்சான், நான் விரலை மடக்கி யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன பேசுவது என்று தெரியாமல் தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறாள். வைக்கிறேன்.