கண்டக்டர் காலில் ஒட்டிய நீலம்

டேப் முழுசாகக் கையோடு வந்த பிறகுதான் கண்டக்டருக்கு உறைத்தது, பிசியோதெரபிக்காரப் பெண் வரும் நேரமாகிவிட்டது என்று.

"நான் வர்ற வரைக்கும் இதைத் தொடவே கூடாது, சார்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பக்கவாதத்தில் சோர்ந்துபோன இடது கால் தடுமாறாமல் நிற்க, கணுக்காலில் அவள் ஒட்டிவிட்ட நீல டேப் அது. குளிக்கும்போது அரித்தது, சும்மா இருப்பாரா மனுஷன், சொறிந்துவிட்டார்.

இன்றைக்குத்தான் பரீட்சை. ஆடாமல் நின்று காட்டினால் வாக்கருக்கு விடை கொடுத்துவிட்டுத் தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போகலாம். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் டிக்கெட் கிழித்தவர், கூட்டாளிகள் முன்னால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் நிற்பதாவது!

அறைக்குப் போய்ப் பசையை எடுத்துத் தடவினார். டேப் காலை விட்டுவிட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. சனியன்! பரணில் பார்சல் டேப் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, எடுத்துவந்து காலில் சுற்றினார். பழுப்பு நிறம். கொல்லைப்பக்கம் போய், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றிப் பூசினார். டேப்பைத் தவிர மற்றதெல்லாம் நீலமானது.

"ஐயோ, என்னங்க இது! கால் நீலம் பாரிச்சுப் போச்சே!" மனைவி அலறினாள். "டாக்டருக்குப் போன் போடுறேன்!"

"கத்தி மானத்தை வாங்காதே! அது சொட்டு நீலம்டி. சீக்கிரம் சாக்ஸை எடு!"

வாசல் மணி அடித்தது.

"சாக்ஸைக் கழட்டுங்க, சார்."

"குளிருதும்மா."

அவளே கழற்றினாள். பார்த்தாள்.  

"இது நான் ஒட்டினதா?"

"நீங்கதாம்மா. தண்ணி பட்டு லேசா நிறம் மாறியிருக்கு."

"சரி, நில்லுங்க பார்ப்போம்."

நின்றார். பார்சல் டேப் கால்முடியைச் சுண்டி இழுத்தது. "அம்மாடி!" என்று சோபாவில் சரிந்தார்.

"இன்னும் ஒரு மாசத்துக்கு வாக்கர்தான், சார்."

கண்டக்டருக்கு டீக்கடை பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்து சிரிப்பதுபோல் இருந்தது.

"வாக்கர் இல்லாம ஓரடி எடுத்து வைக்கக் கூடாது, விழுந்துடுவீங்க. எங்கே அது?"

மனைவி கூடத்தில் தேடினாள், அறையில் தேடினாள். உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்:

"இங்கே இருக்கு அத்தை! மாமா குளிக்கப் போனப்ப பாத்ரூம்ல விட்டது, இன்னும் அங்கேயேதான் நிக்குது!"