காற்றோட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம்

நாற்பத்திரண்டு வயது முடிவதற்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிவிடுவது என்று லோகநாதன் முடிவு செய்தார். வீடு கட்டியாகிவிட்டது. தாலியும் கட்டியாகிவிட்டது. இரண்டிலும் அவர் பேச்சு எடுபடவில்லை. கம்ப்யூட்டரிலாவது எடுபடட்டும் என்று நினைத்தார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு விதைக்கடை. ஆள் வராத நேரத்தில் செல்போனில் பந்தயக் கார் ஓட்டுவார். ஆள் வந்தாலும் ஓட்டுவார். செல்போனில் ஒரு தொல்லை: வளைவு வரும்போது அவருடைய கட்டைவிரலே பாதையை மறைத்துவிடும். கார் பள்ளத்தில் இறங்கும். பெரிய திரையும் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தால் தான் யார் என்பது உலகத்துக்குத் தெரியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் நாலைந்து மாதம் கழித்து நடக்கப்போகும் ஆன்லைன் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். கொடுத்த பெயர்: உத்திரமேரூர் புயல்.

கம்ப்யூட்டரைக் கடையில் போய் 'ஒண்ணு குடுங்க' என்று வாங்குவது கௌரவக் குறைச்சலாம். உறுப்பு உறுப்பாக வரவழைத்து, தானே பூட்ட வேண்டுமாம். மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று மாதம் ஒன்றாக ஆன்லைனில் வாங்கி, செல்போன் கடை வினோத்குமாரின் பரணில் பதுக்கி வைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டால் மனைவி கல்பனா ஒரு கேள்வி கேட்பாள். கேள்வி என்ன என்பதும் அவருக்குத் தெரியும். 'கோழிப் பொட்டி எங்க?'

காவாந்தண்டலத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கல்பனா நாட்டுக்கோழி வளர்க்கிறாள். அடைக்கு வைக்கிற முட்டையைக் கீரிப்பிள்ளை வந்து உருட்டிக்கொண்டு போகிறது. கெட்டியாக ஒரு பெட்டி வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'பாக்கலாம்' என்று ஆறு மாதமாக லோகநாதனும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருமே சொன்ன சொல் தவறவில்லை.

கடைசியில் பாக்கி நின்றது கேபினட் ஒன்றுதான். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற பெட்டி. அதில் நடுத்தர உயரத்துக்கு மிட் டவர் என்று பெயர். அதைத் தேர்ந்தெடுக்க லோகநாதனுக்கு மூன்று மாதம் ஆனது. கல்பனாவைப் பெண் பார்க்கப் போனபோது அரை மணி நேரம்தான் ஆனது. அதிலும் பாதி நேரம் பஜ்ஜியைப் பார்த்தார்.

"ண்ணா, முன்னாடி கண்ணாடி வெச்ச மாடல் சூப்பரா கீதுண்ணா" என்றான் வினோத்குமார்.

"கண்ணாடியா? மூஞ்சில பாலிதீன் கவர் கட்டிக்கினு நீ ஓடுவியா?"

"மாட்டேண்ணா."

"அப்ப கம்ப்யூட்டரு மட்டும் எப்டிடா ஓடும்? காத்து வாணாமா?"

"லைட்டு எரியுதேண்ணா."

"சாமி ஊர்வலத்துலகூட லைட்டு எரியுது. அதுல கேம் ஆட முடியுமா? அறுப்பு வந்தா நம்ம ஊரு தூசி இன்னான்னு தெரியுமில்ல? முன்னாடி வலை இருக்கணும். வலைக்குப் பின்னால காந்தத்துல ஒட்டற பில்டரு இருக்கணும். கழட்டனமா, உதறனமா, மாட்னமான்னு இருக்கணும்."

முன்பக்கம் வலை, வலைக்குப் பின்னால் மூன்று விசிறி, பக்கவாட்டில் கதவு மாதிரி திறக்கும் கண்ணாடி, நல்ல கனத்த இரும்பு. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த குஷியில் லோகநாதன் ஆர்டர் போட்டார். எப்போதும் வினோத்குமார் கடை முகவரியைத்தான் போடுவார். அன்றைக்குக் குஷி கண்ணை மறைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் ஆளுயர அட்டைப்பெட்டி. சரி, ஆளுயரம் இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. எதிரில் கல்பனா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பார்சல் வந்துதுங்க. கொண்டாந்த புள்ள ஏதோ நம்பர் கேட்டுச்சி. சொன்னேன். வெச்சிட்டுப் போச்சி."

"ஓகோ."

"இன்னாங்க இது?"

யோசிக்க இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் லோகநாதன் நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பார். கிடைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"கோழிப் பொட்டி! ஆறு மாசமா கேட்டுக்கினு கீறியே."

கல்பனா கீரையைக் கீழே வைத்தாள். அவரை ஒரு தடவை பார்த்தாள், பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். "பிரிச்சிக் காட்டுங்க" என்றாள்.

லோகநாதனின் திட்டம் சுலபமானது. பிரித்துக் காட்டுவது. 'அடடா, சின்னதா அனுப்பிட்டானே' என்று ஒரு உச்சுக் கொட்டுவது. திருப்பி அனுப்புகிறேன் என்று காலையில் வண்டியில் கட்டி வினோத்குமார் கடைக்கு ஓட்டுவது. ஆனால் பெட்டி வெளியே வந்து, கறுப்பு இரும்பும் கண்ணாடியும் டியூப்லைட்டில் பளபளத்ததும் திட்டம் மறந்துபோனது. மூன்று மாதம் படித்த படிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"இன்னாங்க இது, முன்னாடி வலையா?"

"சாதா வலையில்ல. காத்தோட்டம்! முன்னாடி உள்ள வருது, பின்னாடி வெளிய போவுது. உள்ள சூடே நிக்காது."

"இந்தக் கண்ணாடி உடையாதா?"

"டெம்பர்டு. லேசுல உடையாது."

"கீரி வந்தா?"

"கீரி குடும்பத்தோட வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கல்பனா விரலால் தட்டிப் பார்த்தாள். "இரும்பா?"

"அசல் இரும்பு! மத்தவன்லாம் அப்பளம் மாதிரி தகடு போடறான். இத்த நீ தூக்கிப் பாரு."

"நல்லதாப் போச்சிங்க. அடைக்கு வெச்சா பக்கத்துல இரும்புத்துண்டு போடுவோம். இல்லன்னா இடியில முட்ட கூமுட்டயாயிடும். இது பொட்டியே இரும்பா கீது."

"அடில பாரு, தூசி வல. இழுத்தா கையோட வந்துடும்."

"எச்சம் வார சௌரியம்."

பதினைந்து வருஷத்தில் அவர் பேசியதைக் கல்பனா முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். லோகநாதனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. இவளுக்கு இவ்வளவு ஞானமா, இத்தனை நாள் வினோத்குமாரிடம் போய் வீணாகப் பேசினோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த உருக்கத்தில் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது.

"முப்பத்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ள போவும்!"

"இன்னா போவும்?"

'கிராபிக்ஸ் கார்டு' என்று வந்ததை லோகநாதன் விழுங்கினார். "கோழி."

"அவ்ளோ நீளத்துல எந்த ஊர்லங்க கோழி கீது?"

"வாலோட சொன்னேன்."

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவர் பின்கட்டில் அப்படியே நின்றுவிட்டார். மிட் டவர் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணாடிக் கதவு மேலே பார்த்திருந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோல் மேல் கல்பனாவின் கருங்கால் பெட்டை, ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கல்பனா! யாரு வெச்சது?"

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள நான்தாங்க வெச்சேன். ஒத்தப்படையா பதிமூணு முட்ட."

"படுக்க வெச்சி கீறியே! நிமித்தி வெக்கணும் அது!"

"நின்னுக்கினு எந்தக் கோழிங்க அடகாக்கும்?"

"புடிக்கலன்னா ஏழு நாள்ல திருப்பி அனுப்பலாம், அதான்..."

"எனக்குப் புடிச்சிகீதுங்க."

கோழி குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். பந்தயத்துக்கு இருந்தது பதினெட்டு நாள். லோகநாதன் விரல் விட்டு எண்ணினார். கால்விரலையும் சேர்த்து எண்ணினார். எப்படி எண்ணினாலும் கோழிதான் ஜெயித்தது.

துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஒரு காரியம் செய்தார். வாங்கிய பொருளைப் பற்றி எழுதச் சொல்லும் இடத்தில், அந்தக் கேபினட்டைப் பற்றிப் பதினான்கு பத்தியில் ஓர் ஆய்வு எழுதினார். காற்றோட்டம், தூசி, ஒயர் கட்டும் வசதி, எதையும் விடவில்லை. ஒரு திருகு குறைந்ததால் மூன்று நட்சத்திரம்தான் கொடுத்தார். கண்டிப்பான ஆள் என்று பெயர் வரட்டும் என்ற எண்ணம். 'இது ஒருவருக்கு உதவியாக இருந்தது' என்று அடியில் வந்தது. அந்த ஒருவர் வினோத்குமார்.

நாலாம் நாள் ஒரு நூல் விட்டுப் பார்த்தார். "கல்பனா, பாவம் கோழிக்கு உள்ள புழுக்கமா இருக்கும்."

"சூடே நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எட்டாம் நாள் கல்பனா மகளிர் குழுக் கூட்டத்துக்கு உத்திரமேரூர் போனாள். பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் லோகநாதன் ஒரு மூங்கில் கூடையோடு பின்கட்டுக்கு வந்தார். கோழியைக் கூடைக்கு மாற்றி, முட்டையையும் மாற்றி, கீரி வந்து கவிழ்த்தது என்று பழியைக் கீரி மேல் போடுவது அவர் ஏற்பாடு. கண்ணாடிக் கதவை மெல்லத் திறந்தார். கையை மெல்ல நீட்டினார். கருங்கால் பெட்டை மெல்ல எதையும் செய்கிற ஜாதியில்லை. ஒரே கொத்து. ஆள்காட்டி விரலில் ரத்தம். அடுத்த கொத்தில் பனியன் கிழிந்தது.

பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் மதில் மேல் தலையை நீட்டினார். "இன்னா லோகு, கோழி திருடறியா?"

"என் வூட்டுக் கோழிண்ணா!"

"அதான் கேக்கறேன். சொந்த வூட்லயே திருடற அளவுக்கு இன்னா பேஜாரு ஒனக்கு?"

கதவைச் சாத்திவிட்டுக் கூடையோடு உள்ளே ஓடினார். சாயங்காலம் விரலில் போட்டிருந்த கட்டைக் கல்பனா பார்த்தாள். மஞ்சள் மட்டும் குழைத்துக் கொடுத்தாள்.

பந்தயத்துக்கு முதல் நாள் வரைக்கும் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. சமையலறை வாசலில் போய் நின்று, தோசைக்கல்லைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார்.

"கல்பனா. பொய் சொல்லிட்டேன். அது கோழிப் பொட்டி இல்ல."

"தெரியுங்க."

"கம்ப்யூட்டரு கேபினட்டு அது."

"தெரியுங்க. மதர்போர்டு மாசி மாசம் வந்துது. ராமு பங்குனில. கார்டுன்னு ஒண்ணு போன மாசம். எல்லாம் வினோத் தம்பி பரண் மேல கீது."

"வினோத்தா சொன்னான்?"

"அந்தப் புள்ளயத் திட்டாதீங்க. முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி தராங்கன்னு அந்த ஆன்லைன் கடைக் கணக்க என் நம்பர்லதான ஆரம்பிச்சீங்க? நீங்க ஒவ்வொரு பொருள் வாங்கறப்பவும் எனக்குத்தான் மெசேஜ் வருது. நம்பரும் எனக்குத்தான் வருது. பார்சல் புள்ளைக்கு நான் வேற இன்னா நம்பர் சொன்னேன்னு நெனச்சீங்க?"

"அப்ப அன்னிக்கே ஏன் கேக்கல?"

கல்பனா தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஆறு மாசமா பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நானும் பாக்கலாம்னு இருந்தேன். கோழிப் பொட்டின்னு நீங்களாத்தான் சொன்னீங்க. நானா சொன்னேன்?"

பந்தயம் அவர் இல்லாமலே நடந்தது. யாரோ ஜெயித்தார்கள். லோகநாதன் அதைக் கட்டு போட்ட விரலோடு செல்போனில் பார்த்தார்.

இருபத்தோராம் நாள் காலை பல் துலக்கப் போனவர் சும்மா ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடி வழியே ஒரு முட்டையில் விரிசல் தெரிந்தது. விரிசலில் ஒரு மூக்கு. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அரை மணி நேரம் அங்கே குந்தியிருந்தார். ஈரமாக ஒரு குஞ்சு வெளியே விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்பனா போனில் படம் எடுத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பதிமூன்றில் பதினொன்று பொரிந்தது.

"கழுவி எடுத்துக்கினு போங்க. நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன்" என்றாள் கல்பனா இரண்டு நாள் கழித்து. அவள் எப்போது சொல் கொடுத்தாள் என்று லோகநாதனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்டால் பெட்டி போய்விடுமோ என்று கேட்கவுமில்லை. சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் கழுவி, வெயிலில் காயவைத்து, வண்டியில் கட்டிக்கொண்டு வினோத்குமார் கடைக்குப் பறந்தார்.

மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. மூன்று விசிறியும் நீலமாகச் சுற்றின. விசிறிக் காற்றில் எங்கிருந்தோ ஒரு வைக்கோல் துணுக்கும் சின்ன இறகும் பறந்து வந்து அவர் மீசையில் ஒட்டின. லோகநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதுதான் வினோத்குமார் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

"ண்ணா, நீ எழுதனத மாத்திட்டியா?"

"எத்த?"

வினோத்குமார் தன் போனைக் காட்டினான். பதினான்கு பத்தியைக் காணோம். அந்த இடத்தில் நாலே வரி.

'ஐந்து நட்சத்திரம். காற்றோட்டம் அருமை. பதிமூன்று முட்டைக்குப் பதினோரு குஞ்சு. கீரி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். இப்படிக்கு, லோகநாதன், காவாந்தண்டலம்.'

கீழே படம். மிட் டவருக்குள் கருங்கால் பெட்டை. பக்கத்தில் கிழிந்த பனியனும் வாயில் பிரஷ்ஷுமாகக் குந்தி அழுகிற உத்திரமேரூர் புயல். படத்துக்கு அடியில்: 'இது 1,412 பேருக்கு உதவியாக இருந்தது.'

"பந்தய குரூப்புல எல்லாரும் பாத்துட்டாங்கண்ணா. உன்ன இனிமே கோழியண்ணான்னுதான் கூப்புடுவாங்களாம்."

லோகநாதன் தன் போனை எடுத்து அழிக்கப் பார்த்தார். கணக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் முயன்றார். மூன்று மாத ஆராய்ச்சியும் இருபத்தொரு நாள் தவமும் சேர்ந்து கட்டிய அந்த இயந்திரம், பிறந்ததும் முதல் வேலையாக அவரிடம் ஒரு ஓடிபி கேட்டது.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"கல்பனா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துதா?"

"வந்துதுங்க. இன்னும் ரெண்டு பெட்ட அடைக்கு உக்காந்துகீது. ரெண்டு பொட்டிக்கு ஆர்டர் போடுங்க, நம்பரச் சொல்றேன்."