இல்லாத சைக்கிளுக்கு இரண்டு சக்கரம்

கிரிம்ஸ்பி,
பிப்ரவரி 4.

பெருமதிப்பிற்குரிய டாரில் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் எலியட் மிகப் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் நம் வாடகை வீடும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் நீங்கள் போன நாளிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறது. கடலில் காற்றாலை நடுகிற அந்தக் கப்பலில் நீங்களும் உங்கள் சமையல் அடுப்பும் ஆட்டமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடுக்கடலில் உங்கள் போன் எடுப்பதில்லை என்பதால், நாளை மதியம் பணிமாற்றத்துக்குக் கிளம்பும் ஆட்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இத்துடன் இருப்பதில் கையெழுத்திட்டு, கரைக்குத் திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ப்ளோவர் தெரு வீடு எனக்கு இல்லை.

அந்த வீட்டைப் பற்றி நான் எவ்வளவு அலட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பூனை நாற்றத்தால் பதினோரு மாதமாக விலைபோகாமல் கிடக்கிற இரண்டு அறை வீடுதான். ஆனாலும், முன்பணம் ஒரு பென்னி இல்லாமல் முழு விலைக்கும் கடன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி பன்னிரண்டு மாதமும் சொந்தக் காசில், ஒரு நாள்கூடப் பிந்தாமல் வாடகை கட்டியிருந்தால் போதுமாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு விருந்தில் எழுந்து நின்று, "யார் தயவும் இல்லாம, யார்கிட்டயும் ஒரு காசு வாங்காம வீடு வாங்கப்போறேன்" என்று அறிவித்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நின்றேனா? பப்பில், அப்பா கொடுத்த முன்பணத்தில் வீடு வாங்கிய பையன்களைப் பார்த்துத் தன்மானம் பற்றி இரண்டு கிளாஸ் பீர் தீரும்வரை சொற்பொழிவாற்றினேன். அவர்கள் வாங்கிக் கொடுத்த பீர்தான்.

நேற்று கடன் அலுவலகத்துக்குப் போனேன். திருமதி பிளாக்கெட் என்ற அம்மாள், சிரிப்பு என்ற வசதி பொருத்தப்படாத முகம். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கிறது, என் பங்கு நானூறு பவுண்டை உங்களுக்கு அனுப்புகிறேன் என்றேன். ஒரு வருட வங்கிக் கணக்குத் தாளைக் கேட்டார். கொடுத்த பிறகுதான் நம் விளையாட்டு நினைவுக்கு வந்தது. பணம் அனுப்பும்போது எதற்கு என்று எழுதும் கட்டத்தில் நான் எழுதுவது உங்களைச் சிரிக்க வைக்காவிட்டால் அந்த மாதம் பாத்திரம் நான் கழுவ வேண்டும், சிரித்துவிட்டால் நீங்கள் கழுவ வேண்டும் என்று வைத்திருந்தோமே, அது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"பிப்ரவரி. 'கிட்னி, முதல் தவணை.' யாரோட கிட்னி, தம்பி?"

"யாரோடதும் இல்லங்க. அது வாடகை."

"மே. 'கேட்டதைக் கொடுத்தாச்சு, ஆளை விட்டுடுங்க.'"

"அதுவும் வாடகைதாங்க."

"ஆகஸ்ட். 'சாட்சி வாயைத் திறக்காம இருக்க.'"

"வாடகை."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"நிதி நிர்வாகம்."

அதை மட்டும் தாளில் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, "உங்ககிட்ட சைக்கிள் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு ஓட்டவே தெரியாது."

"அப்ப டாரில் எதுக்கு உங்களுக்கு நானூறு பவுண்டு அனுப்பினார்? 'உன் சைக்கிள் மேல உக்காந்ததுக்கு'ன்னு போட்டிருக்கே. மார்ச்ல இன்னொரு நானூறு. 'அந்த இன்னொரு சக்கரத்துக்கு.' ரெண்டும் வாடகைக்கு முந்தின நாள்."

மாமா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதமும் எனக்கு வேலை இல்லை. பட்டமளிப்புப் படமும் இரண்டு பெட்டியும்தான் சொத்து. உங்கள் பணம் வந்தபோது, நீங்கள் குடித்துவிட்டு யாருடைய சைக்கிள் மேலோ விழுந்து, ஆள் மாறி எனக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, மூச்சுவிடவில்லை. மறுநாள் அதையே கிட்னி என்று எழுதி உங்களுக்கு வாடகையாக அனுப்பிவிட்டு, உலகத்தையே ஏமாற்றிவிட்டதாகப் பூரித்துப்போனேன். உங்கள் பணம் என் கணக்குவரை காலாற நடந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறது! கொடுத்தால் வாங்க மாட்டேன், கேட்டால் கூசிப்போவேன் என்று தெரிந்து நீங்கள் செய்தது என்பது, பட்டம் வாங்கிய இந்த மண்டைக்கு ஒரு வருடம் கழித்து, அந்த நாற்காலியில்தான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது, மாமா. ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையெழுத்தோடு விளக்கம் வேண்டும் என்றார் பிளாக்கெட் அம்மாள். எனவே இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதலாவதில், கிட்னி, சாட்சி முதலிய எல்லாமே வாடகைதான் என்று இருக்கிறது. இரண்டாவதில், நீங்கள் என் சைக்கிள் மேல் உட்கார்ந்தது உண்மை, அந்த எண்ணூறு பவுண்டு அதற்கான நஷ்டஈடு, ஆகவே என் சொந்தக் காசு என்று இருக்கிறது. நீல நிறம், மணி உண்டு, வலது பெடல் கொஞ்சம் ஆடும். படித்துப் பார்த்துவிட்டு மனம் ஒப்பிக் கையெழுத்திடவும்.

அலை அடங்கி, வாணலி வழுக்காமல், பசித்த மாலுமிகள் குறை சொல்லாமல் உங்கள் நாட்கள் கழிய வேண்டுகிறேன். அம்மா முத்தம் அனுப்பச் சொன்னாள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
எலியட்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இரண்டு தாளையும் கடலில் போட்டுவிடுங்கள். மணி, பெடல் எல்லாம் எழுதும்போதே கை கூசியது. இன்று காலையில் திருமதி பிளாக்கெட்டுக்குப் போன் செய்து அத்தனையும் சொல்லிவிட்டேன். "அப்ப உங்களோடது பத்து மாசம்தான் தம்பி. ஏப்ரல்ல வாங்க, அந்த ரெண்டு மாசமும் கணக்குலருந்து விழுந்துடும்" என்றார். வீட்டுத் தரகரிடம் இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்று கெஞ்சினேன். "அந்தப் பூனை நாத்தத்துக்கு ரெண்டு வருஷம் ஆனாலும் வேற ஆள் வராது, போப்பா" என்றார். ஆகவே, என் அறையைக் கப்பல்கார நண்பர் கெல்வினுக்குத் தருவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து ஏப்ரல்வரை தள்ளிப்போடுங்கள். புது வீட்டுக்குக் கட்டில் வாங்க வைத்திருந்த எண்ணூறு பவுண்டை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்ற கட்டத்தின் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தும் வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. 'நன்றி மாமா' என்று மட்டும் போட்டேன். சிரிப்பு வராது, தெரியும். இந்த மாதப் பாத்திரமெல்லாம் நான்தான்.