ரசத்துக்கு ஐஸ்கிரீம் கப்

தண்ணீரில் செய்து பார்த்த வித்தையை ரசத்தில் செய்து காட்டக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்குத் தலைமுடி மொத்தமும் செலவானது.

எட்டாவதோடு பள்ளியைவிட்டு ஓடியவன் நான். திருப்பூர், பெங்களூர், கோவா என்று சுற்றி, செருப்பும் திருட்டுப்போன ஒரு காலையில் ஹைதராபாத்தில் இறங்கினேன். அமீர்பேட்டில் மெஸ் வைத்திருந்த கோவில்பட்டி செல்வியக்கா பார்சல் கட்டும் வேலை தந்தார். படுக்கை, சாப்பாட்டு மேஜைக்கு அடியில். (மேலே படுத்தால் அக்கா திட்டுவார்.) பிளாஸ்டிக் கவரில் ரசத்தை ஊற்றி, காற்றைப் பிடித்து, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. நான் கட்டிய கவரை வைத்துப் பந்து விளையாடலாம்.

மாதாப்பூரில் ஒரு கம்பெனிக்குத் தினமும் போன அறுபது சாப்பாட்டில்தான் மெஸ் பிழைத்தது. ஒருநாள் அங்கிருந்து சேதி வந்தது: இனி பிளாஸ்டிக் உள்ளே வரக் கூடாது. வெள்ளிக்கிழமை எல்லாம் காகிதத்தில் வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

"கடைய இழுத்து மூட வேண்டியதுதாம்லே" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். மெஸ் போனால் என் மேஜையும் போகும்.

"கவலையே வேண்டாங்க்கா. பேப்பர் லைன் எனக்கு அத்துப்படி" என்றேன். (அதுவரை நான் பேப்பரில் மடித்தது வடை மட்டும்.)

மொத்தக் கடையில் வழவழவென்று ஒரு கப் கிடைத்தது. கட்டின்மேல் ஐஸ்கிரீம் படம். அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. அதுவும் அழகுக்குத்தான்.

"ஏலே, ரசம் ஒழுகிரும்லே" என்றார் அக்கா.

கப்பில் பானைத் தண்ணீரை ஊற்றி, மூடியை அழுத்தி, என் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அக்கா என்னைக் கும்பிடாத குறை.

வெள்ளிக்கிழமை, கொதிக்கக் கொதிக்க அறுபது கப்பிலும் ஊற்றினேன். பிளாஸ்டிக் கட்டிப் பழகிய கை, ஆறவிடத் தெரியாது. நல்லவேளை, மாதாப்பூர் ட்ராஃபிக் ரசத்தைக் குளிக்கிற சூட்டுக்கு இறக்கியிருந்தது.

கம்பெனி சாப்பாட்டு ஹாலில் மேனேஜர் மேடம், சேலத்துக்காரர், கப்பைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே. ஒழுகாதில்ல?" என்றார்.

"ஒழுகாதுங்க மேடம்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கப்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டி, "நக்கோ பாய், நக்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்கிறார், புரிந்தது. பொறாமை என்று நினைத்தேன்.

கவிழ்த்தேன். முதலில் மூடி வந்தது. பின்னாலேயே ரசம். தக்காளித் துண்டு ஒன்று காதில் தங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் பதறிப்போய் ஆளாளுக்குத் தங்கள் கப்பைத் தூக்க, பிடித்த இடத்திலெல்லாம் கப் நசுங்கி, மேஜை முழுக்க ரசம். கப்பின் உள்பூச்சிலிருந்து உருகிய மெழுகு ஏசிக் குளிரில் என் முடியில் உறைந்தது. ஒரு திரி வைத்தால் ஏற்றலாம்.

கூட வந்திருந்த அக்கா என் காதிலிருந்த தக்காளியை எடுத்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்த மேடம் கடைசியில், "திங்கக்கிழமை சூடு தாங்குற கப்புல கொண்டு வாங்க. அதையும் இவர் தலையில கவுத்துப் பார்த்துட்டுத்தான் ஆர்டர்" என்றார்.

சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் மெழுகு போகவில்லை. மொட்டைதான். அமீர்பேட்டே என்னிடம் திருப்பதி லட்டு கேட்டது. திங்கட்கிழமை, அந்த மொட்டைக்கு மேல் அக்காவே சூடான ரசத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒழுகவில்லை. ஆர்டரும் மேஜையும் தங்கின.

இன்று அக்காவின் தங்கைதான் என் மனைவி. சிலிண்டர் நாளைக்கு வந்துவிடும், கவலையே வேண்டாம் என்று நான் சொன்னால் போதும். "எங்க, தலையில கவுத்துக் காட்டுங்க பாப்போம்" என்பாள். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் எங்கள் மகள், உடனே அடுத்த அறையிலிருந்து ஓடிவருவாள்: "நக்கோ பப்பா, நக்கோ!"