பெரிய கட்டம், சின்னக் கட்டம், டோட்டல் சார்

ஒரு பாத்திரத்தில் இருப்பதை இன்னொரு பாத்திரத்தில் ஊற்றினால் நடுவழியில் கொஞ்சம் களவு போகிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர், இந்தப் பூலோகத்தில், எங்கள் டோட்டல் சார்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் எங்காவது இருந்திருக்கும். திருப்பதியில் எங்கள் ஆபீஸ் இருந்த தெருவில், டீக்கடை முதல் ஜெராக்ஸ் கடை வரை, அவர் டோட்டல் சார்.

ஒரு நாள் ஃப்ளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றி வைத்தேன். டோட்டல் சார் அத்தனை டம்ளரையும் திரும்ப ஃப்ளாஸ்கிலேயே ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, மட்டம் எறங்கிக்கீது. டோட்டல் வரல."

"ஆவியா போயிருக்கும் சார்."

"இவ்ளோ ஆவி போனா கூரை நனைஞ்சிருக்கணுமே?"

விசாரணை நீண்டது. கடைசியில் மேனேஜர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "நேனேலேய்யா, ஒரு வாய் குடிச்சிட்டேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு டீ கிடைத்தது. ஆறிப்போன டீ.

நான் நகரிக்காரன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு பவர்லூம் தறியில் லுங்கி நெய்தவன். கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால் வெளிநாட்டு வேலை வீடு தேடி வரும் என்று ஆளாளுக்கு ஆபீஸ் திறந்த காலம் அது. தறி படுத்துக்கொண்டதால் இங்கே வந்து சேர்ந்தேன். கதவு திறப்பது, டீ வாங்குவது, யுபிஎஸ்ஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கும் பெட்டி அது. அது 'பீப்' என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். சத்தமில்லாமல் இருந்தால், ஏன் சத்தமில்லை என்று மறுபடி ஓடுவேன்.

ஆபீஸில் என்ன நடக்கிறது என்பதே எனக்குப் புரியவில்லை. நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது? பயந்துபோய் டோட்டல் சாரிடமே கேட்டுவிட்டேன்.

"உங்க மாத்து லுங்கி பையில இருக்குதாணா?" என்றார்.

பெரிய கட்டம் போட்ட அந்த லுங்கியை மேனேஜர் மேஜையில் விரித்தார். "இதான் பாய்லர்னு வெச்சிக்கோங்க. எங்க எவ்ளோ சூடாவும்னு கணக்கு போட்டுக் குடுக்கறதுதான் நம்ம வேலை. ஒவ்வொரு கட்டத்து மூலைலயும் எவ்ளோ சூடுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சி. ஆனா வெல்டிங் இருக்கிற எடத்துல இன்னும் பொடிசா பாக்கணும்." அந்த இடத்தில் என் தோளில் கிடந்த சின்னக் கட்டம் போட்ட துண்டை வைத்தார். "இந்தப் பொடிக் கட்டத்து மூலைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பெரிய கட்டத்துகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். அங்க எவ்ளோ சூடு இருந்திச்சோ, இங்க மாத்தினப்புறமும் அவ்ளோதான் இருக்கணும்."

"மொத்தத்தையும் பொடிக் கட்டமாவே போட்டுட்டா இன்னா சார்?"

"போடலாம்ணா. நம்ம கம்ப்யூட்டரு படுத்துக்கும்."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் விருந்தாளியோடு உள்ளே வந்தார். "இதி ஏமிடய்யா, என் டேபிள் மேல லுங்கி?"

"பாய்லர் சார்" என்றார் டோட்டல் சார்.

இப்படிப்பட்டவரை ஒரு அமெரிக்கக் கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. சென்னையில் ஒரு ஓட்டலில், ஒரே ஒரு நாள். சாயங்காலம் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். காலையிலேயே பஸ் ஏறினால்தான் உண்டு.

அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் பையுமாக ஆபீஸுக்கு வந்தார். சித்தூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் பாய்லர் கணக்கு முடிந்து, அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. மறுநாள் பாய்லரைப் பற்றவைக்க வேண்டும் என்று ஆலை இன்ஜினியர் வந்து உட்கார்ந்திருந்தார்.

டோட்டல் சார் பேனாவைத் திறந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"டோட்டல் வரல."

"எவ்ளோ?" என்றார் மேனேஜர்.

"கொஞ்சூண்டுதான் சார்."

"பர்வாலேதய்யா! சந்தகம் பெட்டு! கையெழுத்து போட்டு கெளம்பு, பஸ் போய்டும்!"

"கொஞ்சூண்டுன்னாலும் எங்க போச்சின்னு தெரியலையே சார். ஒண்ணும் ஆவாத எடத்துல போச்சா, வெடிக்கிற எடத்துல போச்சா?"

ஆலை இன்ஜினியர் சிரித்தார். "தம்பி, அது பாய்லர்பா. நகைக் கடைன்னு நெனச்சிக்கினியா?"

நான் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஒரு ஆளுக்கு ஒரு அமெரிக்காதான் சார் வரும்" என்று கெஞ்சினேன். "இதோ வந்துட்டேன்ணா" என்றார். வரவில்லை. இரண்டு பஸ் போயிருக்கும்.

அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் அலறியது. ஊருக்கே போய்விட்டதா, நமக்கு மட்டும்தானா என்று நான் ஜன்னலுக்கு ஓடினேன். "சார், கை நீட்டினா தொட்டுடலாம், எதிர் ஜெராக்ஸ் கடையில ஃபேன் ஓடிக்கினு கீது! நமக்கு மட்டும் போச்சே!"

"அது வேற லைனுணா" என்றார் பாதிக் கவனத்தில். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க வூடு நாகலாபுரத்துக்கு அந்தாண்ட, பார்டர்ல. சுவத்துக்குப் பின்னால இருக்கிற வூடு தமிழ்நாடு. எங்களுக்கு கரண்ட் போனா அங்க லைட்டு எரியும். தெருக்கோடி வூட்லதான் எங்களோட சேந்து இருட்டாவும். இதைப் பாத்து வளந்தவன் நானு. ப்ரோகிராம்ல கிட்ட இருக்கிறவனக் கேளுன்னு எழுதி வெச்சிருக்கேனே!"

அந்தப் பாய்லரில் இரண்டு தகடுகள் ஒட்டினாற்போல் நின்றன. நடுவே மெல்லிய இடைவெளி. ஒன்று கொதிக்கும், இன்னொன்று ஆறிக் கிடக்கும். கொதிக்கும் தகட்டிலிருந்த பொடிக் கட்டத்து மூலைகள் சூடு கேட்கப் போனபோது, பெரிய கட்டத்தில் அவற்றுக்கு மிகக் கிட்ட இருந்த மூலை, இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஆறிக் கிடந்த தகட்டில் இருந்திருக்கிறது. எல்லாம் சமர்த்தாகக் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டன.

கரண்ட் வந்ததும், முதலில் எந்தத் தகடு என்று கேள், அப்புறம் கிட்ட யார் என்று கேள் என அவர் மாற்றி எழுதினார். டோட்டல் வந்தது. ஆனால் திரையில் வெல்டிங் இருந்த மூலை, தகடு தாங்காத சூடு என்று குங்குமமாகச் சிவந்துவிட்டது. ஆலை இன்ஜினியருக்குச் சிரிப்பு நின்றது.

"அதுங்கீழதான் தீ போடற எங்க ஃபயர்மேன் நிப்பான்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார். மறுநாள் பாய்லரைப் பற்றவைக்கவில்லை. தகட்டை மாற்றிய பிறகுதான் பற்றவைத்தார்கள்.

கடிகாரத்தில் இனி எந்தப் பஸ்ஸுக்கும் நேரமில்லை. டோட்டல் சார் இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "டீ சொல்லுங்கணா" என்றார். நானோ பையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"நீங்க எதுக்குணா அழறீங்க? அமெரிக்கா போனது எனக்கு" என்று சொல்லி, அவரே போய் டீ வாங்கி வந்தார்.

அப்புறம் அவருக்கு பெங்களூர்தான் வாய்த்தது. ஆபீஸும் மூடி, ஆளுக்கொரு திசையானோம். இப்போதும் சித்தூர் பஸ்ஸில் போகும்போது அந்த ஆலையில் புகை வந்தால், பக்கத்து சீட்டில் தூங்குகிறவரை எழுப்பிக் காட்டலாமா என்று கை பரபரக்கும். திட்டுவாரோ என்று விட்டுவிடுவேன். கீழே நிற்கும் ஃபயர்மேன் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும், இறங்கும் வரைக்கும், எனக்கு எந்தக் கவலையும் வராது.